கோட்டுக்கு முன்னால் கை தூக்குகிறவர்

பேருந்து நிற்பதற்கு முன்பே எழுந்து, பையைத் தோளில் மாட்டி, முன்னால் நிற்பவரின் முதுகில் பாதி ஏறி நின்றபடி, "இறங்கிட்டேன், இறங்கிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று மனைவிக்குப் போனில் சொல்லும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருக்கும். அவர் இறங்க வேண்டிய இடம் இன்னும் எங்கேயோ இருக்கும். அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் இன்று பேசப்போவது அவருடைய இனத்தைப் பற்றித்தான். கோட்டுக்கு முன்னால் கை தூக்குகிறவர்.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. "முடிஞ்ச மாதிரிதான்!" என்ற ஒரு வாக்கியம் போதும். எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் முடிஞ்ச மாதிரிதான். தொடங்கியாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவார். மகனுக்குப் பெண் பார்க்கப் போனால், பெண் இன்னும் அறையைவிட்டே வெளியே வந்திருக்க மாட்டாள். இவர் அவளுடைய அப்பாவைச் "சம்பந்தி" என்று கூப்பிட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர்களை அந்த வீட்டில் எங்கெங்கே படுக்க வைப்பது என்று இடம் பிரித்துக்கொண்டிருப்பார். நேர்முகத் தேர்வுக்குப் போனால், கேள்வி கேட்க உட்கார்ந்திருப்பவரிடமே "சார், என் நாற்காலி எந்தப் பக்கம்?" என்பார். மருத்துவர் "பார்க்கலாம்" என்றால் போதும், "டாக்டரே சொல்லிட்டாரு" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விடைபெற்றுக்கொண்டு சட்டையை மாட்டிவிடுவார்.

என் சித்தப்பா இந்த இனத்தின் அசல் வித்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கடைசித் தேர்வை எழுதிக்கொண்டிருந்தபோதே அவர் என் பெயரையும் அதன் வாலில் பட்டத்தையும் பெயின்ட்டில் எழுதி, வீட்டு முகப்பில் பலகை மாட்டிவிட்டார். தேறாவிட்டால் பலகையை எங்கே ஒளிப்பது என்ற பயத்திலேயே நான் தேறினேன். பலகையால்தான் தேறினேன் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போகட்டும். இனத்தின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமென்றால், நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்துக்கு நீங்கள் வர வேண்டும்.

எங்கள் அச்சகத்தின் சாப்பாட்டு அறை சிறியது. மெஷின், பைண்டிங், வடிவமைப்பு, அலுவலகம் என்று நான்கு பிரிவுகள். இரண்டு பிரிவுகளுக்குத்தான் ஒரு நேரத்தில் இடம் இருக்கும். மற்ற இரண்டும், முதல் பந்தி உண்டு, கை கழுவி, பல் குத்தி, ஊர்க்கதை பேசி எழுந்த பிறகு, ஆறிப்போனதைத் தின்ன வேண்டியதுதான். யாருக்கு முதல் பந்தி என்று வருஷா வருஷம் சண்டை வந்ததால் முதலாளி ஒரு வழி செய்தார். ஆண்டுக்கு ஒருமுறை அச்சகக் கட்டடத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம். பிரிவுக்கு ஓர் ஆள். முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் பிரிவுகளுக்கு அந்த வருஷம் முழுவதும் முதல் பந்தி. சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே, கட்டிங் மெஷினில் விழுந்த நீளக் காகிதத் துண்டு ஒன்று நாடாவாகக் கட்டப்படும். சிரிக்காதீர்கள். சோற்றைப் பங்கிட இதைவிட நேர்மையான முறையை எந்த அரசாங்கமும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பைண்டிங் பிரிவுக்கு ஓடுகிறவரை எல்லாரும் அட்வான்ஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவரைப் போல ஓட அச்சகத்தில் ஆளில்லை. இந்த இனத்தின் கொடுமையே அதுதான். ஓடத் தெரியாதவன் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இவர்களுக்கு ஜெயிக்கத் தெரியும். ஜெயித்து முடிக்கத்தான் தெரியாது.

அதே பிரிவில் நூல் அக்கா இருக்கிறார். புத்தகங்களின் முதுகைத் தைப்பவர். சர்க்கரை நோய்க்காரர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், கண் இருட்டும். தாளில் கறை படும் என்பதால் தையல் மேசையில் எதையும் வாயில் போடவும் கூடாது. போன வருஷம் பைண்டிங்குக்கு இரண்டாம் பந்தி. ஒரு நாள் அக்கா மயங்கிச் சரிந்ததில், புத்தகத்தைத் தைக்க வேண்டிய ஊசி விரலைத் தைத்துவிட்டது. அவருக்கு மட்டும் முதல் பந்தியில் இடம் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார்கள். "ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் சர்க்கரை வந்துடும்" என்றார் முதலாளி.

ஆகவே அக்காவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அட்வான்ஸின் கால்கள்தான்.

"தம்பி, இந்த வருஷமாவது முதல் பந்தி கிடைக்குமா?"

"கிடைச்ச மாதிரிதான்க்கா. எந்த மேசையில உக்காரணும்னு மட்டும் சொல்லுங்க."

"மேசை கெடக்கட்டும். ஓடிப் பாத்தியா?"

"ஓடுறது தானா நடக்கும்க்கா. அதைவிட முக்கியமான வேலை தலைக்கு மேல கெடக்கு."

அந்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் எந்தக் கோணத்தில் தூக்குவது என்று பார்ப்பது. நன்றியுரையை மனப்பாடம் செய்வது. அப்புறம், தன்னைத் தோளில் தூக்க இரண்டு பேரைத் தயார் செய்வது. பசை காய்ச்சுகிற அண்ணனும் அட்டை வெட்டுகிற மாமாவும் சிக்கினார்கள்.

"நான் கையைத் தூக்கினதும் நீங்க என்னைத் தூக்கிடணும். ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது. என்ன?"

"அப்புறம் கீழ எறக்குறது எப்ப?" என்றார் மாமா. அவருக்கு இடுப்பு வலி.

"அதை நான் சொல்வேன்."

காகித உருளைகளுக்குப் பின்னால் தினமும் ஒத்திகை நடந்தது. ஓடுவதற்கு அல்ல, தூக்குவதற்கு.

பந்தய நாள் வந்தது. எங்கள் வடிவமைப்புப் பிரிவின் வீரர் முதல் திருப்பத்திலேயே செருப்பு அறுந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவரை அங்கேயே விட்டுவிடுவோம். அட்வான்ஸ் அம்பாகப் பறந்தார். வெகுதூரம் பின்னால் மெஷின்காரர். அவருக்கும் பின்னால், வயிற்றை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி, ஓடுகிறாரா நடக்கிறாரா என்று அவருக்கே தெரியாத வேகத்தில் அலுவலகக் கணக்கர். நூல் அக்கா கோட்டுக்கு அருகில் நின்று, முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். முதலிடம்கூட வேண்டாம், இரண்டாமிடமே போதும்.

கோட்டுக்கு நான்கைந்து எட்டு இருக்கும்போது அட்வான்ஸின் முகம் மலர்ந்தது. பார்வை கோட்டிலிருந்து கூட்டத்துக்குத் தாவியது. கால்கள் சற்றே தளர்ந்தன. கண்ணாடி முன்னால் பழகிய அதே கோணத்தில், இரண்டு கைகளும் மேலே போயின.

அண்ணனும் மாமாவும் சொன்ன சொல் தவறாதவர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாய்ந்து வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே, ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார்கள்.

"தாண்டு! தாண்டுடா!" என்று பைண்டிங் பிரிவே அலறியது. அட்வான்ஸ் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, தோளில் இருந்தபடி நாலு திசைக்கும் கையசைத்தார். பக்கத்தில் மெஷின்காரர் காகித நாடாவை அறுத்துக்கொண்டு போனார். அதற்கும் கையசைத்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது.

"எறக்குங்கடா! எறக்குங்க!"

"கொஞ்சம் இருப்பா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றார் மாமா.

அந்த இடைவெளியில் கணக்கர் வந்தார். வயிற்றைத் தாங்கியபடியே, இந்த ஊர்வலத்துக்கு மரியாதையாகச் சற்று ஒதுங்கி, கோட்டைத் தாண்டி, "என்ன நடக்குது இங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். இரண்டாமிடம்.

தோற்ற பிறகு இந்த இனம் அடங்கிவிடும் என்று நினைக்கிறீர்களா? அன்று மாலையே பைண்டிங் அறையில் அட்வான்ஸ் சொற்பொழிவாற்றினார். மனப்பாடம் செய்த நன்றியுரை வீணாகலாமா? அதன் தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

"தார்மீகமாப் பாத்தா நாமதான் ஃபர்ஸ்ட்! ஊருக்கே தெரியும்!"

நூல் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "தார்மீகத்தைத் தட்டுல போட்டுத் திங்கலாமா தம்பி?"

மறுநாள் முதல் பந்திக்கு மணியடித்தபோது மெஷின்காரர்களும் அலுவலகக்காரர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். கை இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அட்வான்ஸ் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க, ஏற்கெனவே அடுக்கிவைத்த அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு வந்த நீங்கள், "அட, இது நம்ம மச்சான்தான்", "அச்சு அசல் எங்க மேனேஜர்" என்று ஆளைப் பிடித்துவிட்டீர்கள். இன்னும் எவ்வளவு பாக்கி என்று கண்ணைக் கீழே ஓட்டிப் பார்த்து, கட்டுரை முடிந்த மாதிரிதான் என்று தீர்மானித்தும் விட்டீர்கள். முடியவில்லை. கொஞ்சம் இருங்கள்.

அக்கா ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த வருஷம் நான் ஓடுறேன்."

"நீங்களாக்கா?" என்றார் அட்வான்ஸ்.

"மெதுவாத்தான் ஓடுவேன். கணக்கர் ஓடலையா? ஆனா கோட்டைத் தாண்டி, அந்தாண்ட செவுத்தைத் தொட்டுட்டுத்தான் நிப்பேன். யாரும் என்னைத் தூக்க வேணாம்."

மாமா நிம்மதியாக இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். அட்வான்ஸின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அப்புறம் என்னக்கா! முதல் பந்தி கிடைச்ச மாதிரிதான்!"

சரி, அவர் திருந்த மாட்டார். அக்கா ஜெயித்துவிட்டதாக நினைத்து இப்போது உங்கள் கை ஏன் மேலே போகிறது? இறக்குங்கள். பந்தயத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.