கூப்பிட்டவுடன் வருவோம்

"எங்கப்பா உசுரோடதாங்க இருக்காரு! வாசல்ல உங்க வண்டி நிக்குது. அவரே போய்க் கதவைத் திறந்துட்டாருங்க!"

மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் தொலைபேசியை வைத்தாள். அமரர் ஊர்தி அனுப்பும் அந்த நிறுவனத்தின் இணையதளம் அவள் பொறுப்பு. காலையிலிருந்து உயிரோடு இருப்பவர்களைத் தேடித் தேடி வண்டி போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமைதான் முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, நெட்டுல தேடிப் பாத்தா நாம ரெண்டாம் பக்கத்துல வர்றோம். சாவு விழுந்த வீட்டுல எவன் ரெண்டாம் பக்கம் வரைக்கும் புரட்டுவான்? இந்த மாசத்துக்குள்ள முதல் பக்கத்துக்கு வந்தாகணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மேசையில் கைபேசி அதிர்ந்தது. யாரென்று பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கணவன் இறந்த அன்று, அவளும் ஒரு கைபேசித் திரையில் சுற்றிச் சுற்றி வந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். பக்கம் திறக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெதுவாகத் திறக்கும் பக்கத்தைத் தேடுபொறியும் பின்னுக்குத் தள்ளும். அந்த வேகத்தை அளந்து பார்த்தாள். முழுக்கச் சிவப்பு. காரணம், முதலாளியேதான். பக்கத்தின் உச்சியில் கைகூப்பி நிற்கும் அவருடைய படம் யானைக் கனம். அதன் கீழே, 'கூப்பிட்டவுடன் வருவோம்.'

"படத்தை எடுத்துடலாமா சார்?"

"என் மூஞ்சியைப் பாத்துத்தாம்மா ஜனங்க நம்பி வர்றாங்க."

எனவே எழுத்தும் பொத்தான்களும் முதலில், முதலாளி பிறகு என்று மாற்றினாள். மதிப்பெண் பச்சையானது. அன்றிரவு மட்டும் தூங்கினாள். மறுநாள்தான் தெரிந்தது, தாமதமாக வந்த முதலாளி தொப்பென்று விழுந்து மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறார் என்று. 'விவரம்' என்ற பொத்தானை நோக்கி விரல் போகும். அது வழுக்கிக் கீழே போய்விடும். அதற்கு மேலே இருந்த 'வண்டி அனுப்பு' சரியாக விரலடியில் வந்து நிற்கும். இருக்கும் இடத்தைக் கைபேசியே சொல்லிவிடும், வண்டி கிளம்பிவிடும்.

"போன் பண்ணிக் கேட்டுட்டு வண்டியை அனுப்பலாமே சார்?"

"துக்க வீட்டுக்குப் போன் பண்ணி, 'நெசமாவா?'ன்னு கேப்பியா? பொத்தானை அழுத்தினா வண்டி போகணும். அதான் நம்ம தொழில்!"

சரி, பக்கமே கேட்கட்டும் என்று ஒரு பெட்டி வைத்தாள். 'நிச்சயமாக இறந்துவிட்டாரா? ஆம். இல்லை.'

அரை மணியில் ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "இல்லைன்னு அழுத்தினா எந்திரிச்சு வந்துருவாராம்மா?"

அவள் உடனே அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, இணையக் கடைகளுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டி ஒன்றை அவசரத்தில் ஒட்டினாள். வண்டி கேட்டவர்கள் எல்லோருக்கும் அது வண்ணக் காகிதங்களைத் தூவி வாழ்த்தியது: 'நன்றி! விரைவில் மீண்டும் சந்திப்போம்!'

பார்த்தவர்கள் பதறியடித்துப் பக்கத்தை மூடினார்கள். வந்த வேகத்தில் ஓடுகிறவர்களைத் தேடுபொறி எண்ணிக்கொண்டே இருந்தது. நிறுவனம் மூன்றாம் பக்கத்துக்குப் போனது. முதலாளியின் அறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே அவள் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

கடைசியில், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, படத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்தாள். பெட்டியை நீக்கினாள். பக்கம் நழுவுவது நின்றது. தவறான அழைப்புகளும் நின்றன.

ஒரு வீட்டைத் தவிர.

அந்த வீட்டிலிருந்து மட்டும் தினமும் மாலையில் 'வண்டி அனுப்பு' வந்தது. தினமும் வண்டி போனது. வெறுமனே திரும்பியது, அதுவும் சாவகாசமாக.

"அண்ணே, அங்க திட்டுறாங்களா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"திட்டல தங்கச்சி." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பின்ன என்னண்ணே தப்பு நடக்குது? நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேனே!"

"நீயே வந்து பாரேன். சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

சத்தியமா? யாரோ ஆதாரம் திரட்டுகிறார்கள். வழக்குப் போடப் போகிறார்கள். இணையத்தில் நாலு வரி வசைபாடி எழுதினாலும் போதும், அன்றோடு வேலை போய்விடும். முதலாளியிடம் மூச்சுவிடாமல், அடுத்த அழைப்பு வந்ததும் ஊர்தியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று தலைகுனிந்தார்கள். அவளுக்கோ அந்த இறுதி மரியாதை தனக்கே நடப்பது போலிருந்தது.

கதவைத் திறந்தவர் பெரியவர். தேய்த்த சட்டை, வாரிய தலை. அந்த மூக்கை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. பயத்தில் அது எங்கே என்று பிடிபடவில்லை. உள்ளே மேசையில் மூன்று கோப்பைத் தேநீரில் ஆவி பறந்தது. டிரைவர் தன் வீடு போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடதுதான். பக்கம் நழுவி விரல் தவறியிருக்கும். இன்னிக்கே இன்னும் வேகமாக்கிடறேன். தயவுபண்ணி எங்க முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்" என்றாள்.

பெரியவர் அவள் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்.

"விரலெல்லாம் தவறலம்மா. அந்தப் படம் வர்ற வரைக்கும் காத்திருந்து, கண்ணு நெறயப் பாத்துட்டுத்தான் அழுத்துறேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான், ஆனா இதை அழுத்தினா மட்டும் உடனே வண்டி அனுப்பிடறான் பாரு, என் புள்ள!"