புதனும் ஞாயிறும் எகிறிய பொட்டாசியம்

ஊட்டியில் தனியாகத் தங்கியிருக்கும் ஆண்பிள்ளை தினமும் குளிக்கிறேன் என்றால் நம்பாதீர்கள். நான் குளிக்கவில்லை. அதற்கு ஆய்வகச் சான்றே இருக்கிறது.

அப்போது நான் காற்று மாசை ஆராயும் அரசுத் திட்டமொன்றில் ஒப்பந்த ஊழியன். பெர்ன்ஹில்லில் ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். மொட்டைமாடியில், ஒயர் எட்டிய மூலையில் (சோம்பேறித்தனம்தான்) ஒரு கருவியை வைத்தேன். அது காற்றை உறிஞ்சி, நுரையீரல் வரை போகிற நுண்துகளை வடிதாளில் பிடித்து வைக்கும். தாளைத் தினமும் மாற்றிக் கோவை ஆய்வகத்துக்கு அனுப்பினால், துகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்வார்கள்.

விறகு எரிந்தால் வரும் பொட்டாசியம் புதனும் ஞாயிறும் மட்டும் எகிறியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலை நீடிக்குமா என்று முடிவு செய்யும் கூட்டத்தில், எல்லாம் சுற்றுலா விடுதிகள் மூட்டும் தீயால்தான் என்று முழங்கினேன். (சொந்த ஊரான மஞ்சூரில் அப்பா ஏற்கெனவே எல்லோரிடமும் என்னை விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருந்தார்.) கோவை ஆய்வகத்திலிருந்து வந்த மேடம் நிதானமாகக் கேட்டார்.

“ஞாயிறு சரிங்க. புதன்கிழமை யாரு தீ மூட்டறாங்க?”

கேட்ட கையோடு, கருவி இருக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மாடியில் ஸ்டெல்லா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கருவிக்குக் கையெட்டும் தூரத்தில் என் வெந்நீர் பாய்லர், அதன் புகைபோக்கி, கீழே கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு. இதை யார் மூட்டுவது என்று மேடம் கேட்டார். அக்கா என்னை விட்டுக்கொடுக்கவே இல்லை.

“தம்பிதானுங்க. ரொம்பச் சுத்தமான பையன். புதன், ஞாயிறு தவறாமக் குளிச்சிருமுங்க.”

என் மானம் கப்பலேறியது. மேடம் சிரித்துச் சிரித்து விறகுக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் குளித்ததையே காட்டிக்கொடுக்கும் கருவி பிரமாதமான கருவி என்றார். ஒரு வாரம் பாய்லரை மூட்டாமல், மறுவாரம் தினமும் மூட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதல் வாரம் நான் குளிக்கவில்லை (அறிவியலுக்காக). பொட்டாசியம் படுத்துவிட்டது. மறுவாரம் தினமும் குளித்தேன், தினமும் எகிறியது. ஜெயித்துவிட்டேன்! ஊர்க் காற்றில் பாய்லர் புகை எவ்வளவு என்று தெருத்தெருவாக அளக்கும் பொறுப்பே என்னிடம் வந்தது. வேலை இரண்டு வருடம் நீண்டது. அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதனும் ஞாயிறும் பொட்டாசியக் கோடு உயர்ந்து நின்ற அந்த முதல் வரைபடம் இப்போது என் ஆய்வேட்டில் இருக்கிறது. மகள் குளிக்க அடம்பிடித்தால் மனைவி அதை விரித்துவிடுவாள். உங்கப்பா குளித்ததற்குச் சர்க்காரிடமே ஆதாரம் இருக்கிறது, பார் என்பாள். போன வாரம் மகள் உயர்ந்து நின்ற கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

“வாரத்துக்கு ரெண்டுதானேம்மா? நான் மூணு நாள் குளிச்சுட்டேன்” என்று துண்டை மடித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.