நான்காம் எண் மெர்லோவும் எம்மெட் மாமாவின் டிராக்டரும்

அன்பும் மரியாதையும் மிக்க எம்மெட் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஹாட்லி எழுதுவது. இங்கே நான், ட்ரெவர், எட்டு மாத டெஸ்ஸா மூவரும் சுகம். அங்கே நீங்களும் டார்லீன் அத்தையும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அளவுக்காவது என் மேல் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் ஒன்று. இன்றைய வைன் போட்டியில் நடுவர் நாற்காலியில் நானாகப் போய் உட்காரவில்லை. வழக்கமான மூன்றாவது நடுவர் வியாழக்கிழமை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டாராம். சின்னத் திராட்சைத் தோட்டக்காரர் சங்கத் தலைவி மாக்சின் உடனே எனக்கு போன் போட்டார். நான் காலேஜில் நுண்ணுயிரியல் படித்தவள், பிள்ளை உண்டானதிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடாதவள், என்னைவிடச் சுத்தமான நாக்கு இந்த யாக்கிமா பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று ஒரே புகழ்ச்சி. எங்கள் மாமா பாட்டிலும் போட்டியில் இருக்கிறதே, சரிப்படுமா என்றேன். எல்லா பாட்டிலையும் கழுத்துவரை பழுப்புக் காகிதப் பையில் போட்டுக் கட்டிவிடுவோம், எது யாருடையது என்று எனக்கே தெரியாது என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்.

பத்து டாலருக்குள் விற்கும் மெர்லோ சிவப்பு வைன், எட்டுப் பைகள், ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். கோப்பையை வெள்ளைத் தாள்மேல் சாய்த்து நிறம் பார்ப்பது, சுழற்றி முகர்வது, வாயில் உருட்டுவது எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான், ஆனால் தாய்ப்பால் கொடுப்பவள் ஒவ்வொரு வாயையும் கடைசிச் சொட்டுவரை துப்பவேண்டும் என்ற நினைப்பிலேயே முதல் எண்ணை ருசித்தேனா இல்லையா என்பதே நினைவில்லை, இரண்டாம் எண் அவ்வளவு மெத்தென்று இருந்ததால் என்னை அறியாமல் விழுங்கிவிட்டேன், உடனே ஓடிப்போய் மூன்று முறை வாய் கொப்பளித்து, கிளினிக் நர்ஸுக்கு போன் போட்டேன். "ஒரு மடக்குக்கெல்லாம் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, போய் வேலையப் பாருங்க" என்றாள். அவளுக்கு என்ன, அவள் குழந்தையா? பதற்றத்தில், நடுவர்கள் வாய் ருசியை மாற்ற வைத்திருந்த உப்பில்லாத பிஸ்கட் என்று நினைத்து பல் முளைக்கும் டெஸ்ஸாவின் பிஸ்கட்டைக் கடித்துவிட்டேன், அது வாழைப்பழ ருசி, ஆகவே மூன்றாம் எண்ணுக்கு "வாழைப்பழ வாசனை தூக்கல்" என்று எழுதி இரண்டு மார்க் குறைத்தேன். அந்தத் தோட்டக்காரர் யாரோ, அவருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் பாக்கி இருக்கிறது.

அதன் பிறகுதான் நான்காம் எண். முகர்ந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது மாமா, இது உங்கள் பீப்பாய்க் கொட்டகையின் வாசனை என்று. சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில் கொடுக்க நினைத்த பத்தையும் ஏழாக்கினேன். அதோடு விட்டேனா? "நனைந்த குதிரைப் போர்வையைக் காயப்போடாமல் மடித்து வைத்த வாசனை. வாயில் வைத்தாலே தொண்டையில் யாரோ கதவைப் பூட்டுகிறார்கள்" என்று எழுதினேன். குறிப்புகளை ஹாலில் சத்தமாகப் படிப்பார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாக்சின் அதை நிறுத்தி நிறுத்தி, ருசித்து ருசித்துப் படித்தார். பின்வரிசையிலிருந்து வெர்ல் கிழவர், "பையத் தொறக்கவே வேணாம், யாரு சரக்குன்னு முன்வரிசை மூஞ்சியே சொல்லுதே" என்றதும் ஹாலே சிரித்தது. முன்வரிசையிலிருந்து நீங்கள் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, என் மேசைப் பக்கம் வந்து, "பரவால்லம்மா. நீ உள்ளதத்தான் எழுதியிருக்க. திங்கக்கெழம டிராக்டர எடுத்து எல்லாத் திராட்சக் கொடியையும் வேரோட புடுங்கிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பதினோரு வருடமாக வளர்த்த கொடிகள் மாமா. என் ஒரு வரிக்காக அவற்றைப் பிடுங்காதீர்கள். உங்களிடம் பொய் சொல்லிச் சமாதானம் செய்யவும் எனக்கு வரவில்லை, ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மெர்லோ எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஒவ்வொரு நன்றியறிதல் நாள் விருந்திலும் "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, நீங்கள் வான்கோழியை வெட்டத் திரும்பும் நேரம் பார்த்து என் கோப்பையை அத்தையின் கிரேவியில் ஊற்றிவிடுவேன். அந்த கிரேவியை ஊரே புகழ்கிறது, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிடிக்காத வைன் என்பது வேறு, நீங்கள் அந்தக் கொடிகளுக்கு நடுவில் ரேடியோவைப் பாடவிட்டு நடப்பது வேறு. அந்த நிலத்தில் சோளம் போட்டால் நீங்கள் என்ன மனிதராக ஆவீர்களோ என்று அத்தைக்கும் கவலை, எனக்கும் கவலை. ஒரு வருடம் பொறுங்கள். அந்த வாசனையைக் கிளப்பும் கிருமி போக, பீப்பாய்களைக் கொதிநீர் விட்டுக் கழுவ நானே வருகிறேன். படித்த படிப்பு அதற்காவது உதவட்டும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறையட்டும், இந்த வருடம் பனி பிந்தி வரட்டும், டெஸ்ஸாவின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நீங்களே வந்து நிற்க மனம் இளகட்டும்.

என்றும் உங்கள் மருமகள்,
ஹாட்லி

பின்குறிப்பு: ஞாயிறு, காலை பதினொரு மணி. கடிதத்தை ட்ரெவரிடம் கொடுத்தனுப்ப உறையில் போடும்போது மாக்சின் போன் செய்தார். பைகளை இன்று காலைதான் திறந்தார்களாம். நான்காம் எண் உங்களுடையது இல்லை. நடுவர்களைச் சோதிக்க வருடா வருடம் ஒரு கடைப் பாட்டிலை ரகசியமாகக் கலந்து வைப்பார்களாம், அதுதான் அது. உங்களுடையது நான் விழுங்கிய இரண்டாம் எண். அதற்கு நான் பத்தொன்பது போட்டிருக்கிறேன், முதல் பரிசு உங்களுக்கே. நான்தான் உங்கள் வாசனை என்று தப்பாக நினைத்தேன் என்றால், உண்டாக்கிய நீங்களுமா மாமா? இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் நாளைக்கு வெர்ல் கிழவர் "மருமக போட்ட மார்க்குதானே" என்று கிளப்பிவிடுவார், நீங்களும் அதை நம்பி டிராக்டர் சாவியைத் தேடுவீர்கள். அப்போது அவருக்கு இதை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுங்கள். உங்கள் வைனை இவ்வளவு வெறுக்கும் ஒருத்திதான் யாருடையது என்று தெரியாமல் அதற்குப் பத்தொன்பது போட்டாள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. கிரேவி விஷயத்தை மட்டும் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.