வின்டர்தூர்ப் பெறுபேறுகள், தொகுதிவாரியாக

உலகின் மிகத் தூய ஜனநாயகம் சுவிற்சர்லாந்தில் இருப்பதாகச் சொல்பவர்கள் விலாசத்தைச் சொல்வதில்லை. அது வின்டர்தூரில், ஒரு பழைய தொழிற்சாலையின் பின்பக்க மண்டபத்தில் இருந்தது. பெயர் சுவிஸ் தமிழ் மகாசபை. அதன் 'தெரிவத்தாட்சி அலுவலர்' தயாபரனாகிய நான்தான். பதவியேற்ற நாள் முதல் ஒரு வாக்கைக்கூட நான் எண்ணியதில்லை. எண்ணவேண்டிய அவமானத்தைச் சபை எனக்குத் தந்ததில்லை.

மண்டபச் சுவரில் 1931ஆம் ஆண்டு இலங்கை அரசாங்க சபைத் தேர்தலின் பெறுபேறுகள் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தன. வெள்ளைக்காரன் ஆண், பெண் எல்லோருக்கும் முதன்முதலாக வாக்குரிமை கொடுத்த தேர்தல் அது. முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாணம் அதைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை நான்கிலும் நியமனப் பத்திரம் கொடுக்க ஆளில்லை. மற்றவர்கள் சபைக்குப் போய் மந்திரிகளானார்கள். நாங்கள் 'கொள்கையோடு' வீட்டில் இருந்தோம்.

தலைவர் தில்லைநாதன் அண்ணை அந்த நான்கு வெற்று வரிகளையும் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் கூட்டத்தைத் தொடங்குவார். "நாலு தொகுதியிலயும் ஒரு தமிழன் தோக்கேல்லை. இப்பிடி ஒரு பெறுபேறு உலகத்தில எங்கையும் இல்லை" என்பார்.

ஆகவே எங்கள் தொகுதிகளும் அவையே. ஆராவ் நகரில் கடை வைத்திருப்பவர் பருத்தித்துறை வாக்காளர். கூர் நகர ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை, தகப்பன் வழியில் ஊர்காவற்றுறை. பரந்த மனப்பான்மையால் மன்னார்–முல்லைத்தீவையும் ஐந்தாவதாகச் சேர்த்திருந்தோம். அந்தக் கதிரை எப்போதும் காலியாகவே கிடந்தது. அதில் தலைவர் தன் குளிர்கோட்டைக் கழற்றி வைப்பார். மற்ற நான்கிலும் யாரும் நியமனப் பத்திரம் கொடுப்பதில்லை. கொடுக்காத தொகுதியில் பழைய உறுப்பினரே தொடர்வார் என்பது சபை யாப்பின் விதி.

2014இல் இந்த அமைதிக்குப் பங்கம் வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மன்னார்ப் பெண் இமெல்டா, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். என் மகள் யாதவியும் அங்கேதான் ஆனா, ஆவன்னா எழுதினாள். வகுப்பு நடந்த தேவாலய அறையை இடிக்கப் போகிறார்கள் என்றதும் எங்கள் மண்டபச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கேட்டு வந்தார். சபை உறுப்பினருக்கு மட்டுமே திறப்பு கொடுக்கலாம் என்று தலைவர் யாப்பைக் காட்டினார். இமெல்டா பொறுமையாக வாசித்தார். அடுத்த கிழமை மன்னார்–முல்லைத்தீவுக்கு நியமனப் பத்திரம் கொடுத்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

"பொம்பிளை எலெக்சன் கேக்கக்கூடாது எண்டில்லை. மன்னாராள் கேக்கக்கூடாது எண்டுமில்லை" என்றார் தலைவர். "கேக்கிறதுதான் பிழை."

"எனக்குச் சபை வேண்டாம் அண்ணை" என்றார் இமெல்டா. "பிள்ளையள் இருந்து எழுத ஒரு இடம் காணும். திறப்பைத் தாங்கோ, பத்திரத்தை இப்பவே கிழிக்கிறன்."

இப்படி ஒரு மிரட்டலுக்குப் பணிந்தால் 1931 என்னாவது? நான்கு உறுப்பினர்களும் பதவி துறந்து தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நான் அதை அழகான எழுத்தில் பதிந்தேன்.

தேர்தல் நாளில் முதன்முறையாக எழுந்து நின்று பெறுபேறு வாசித்தேன். யாழ்ப்பாணம், நியமனம் இல்லை. ஊர்காவற்றுறை, இல்லை. காங்கேசன்துறை, இல்லை. பருத்தித்துறை, இல்லை. மன்னார்–முல்லைத்தீவு, இமெல்டா, போட்டியின்றித் தெரிவு. தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. வரலாறு அச்சுப்பிசகாமல் திரும்பி வந்திருந்தது. இமெல்டாவிடம் திறப்பைக் கொடுத்தேன்.

ஒரு சிறிய நிர்வாகச் சிக்கல் மட்டும் மிஞ்சியது. செப்டெம்பர் முடிவதற்குள் மண்டப ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மூன்று உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். சபையில் இருந்தவரோ ஒருவர். இமெல்டா நால்வரின் வீட்டு மணியையும் அடித்துப் பார்த்தார். பகிஷ்கரிப்பில் இருப்பவர்கள் கதவு திறப்பதில்லை.

கட்டிடச் சொந்தக்காரியிடம் விளக்கம் சொல்ல என்னை அனுப்பினார்கள். நாங்கள் பகிஷ்கரிக்கிறோம் என்று டொச் மொழியில் சொன்னேன்.

"யாருக்கு எதிராக?" என்று கேட்டார்.

நான் 1931இலிருந்து தொடங்கினேன். அந்த அம்மா நல்லவர். இலங்கைப் படத்தைக்கூட வரைந்து காட்ட விட்டார். பிறகு மண்டபத்தை ஒரு நாய்ப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். இப்போதும் அங்கே சனிக்கிழமைகளில் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. மாணவர்கள் 'இரு' என்றால் இருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்காமல் போகவில்லை. இமெல்டாவின் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. காயும் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே யாதவி குந்தியிருந்து எழுதுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி தோய்க்கும் முறை வந்தால் வகுப்பு படிக்கட்டுக்கு மாறும். குளிர் தொடங்கியதும் பாதிப் பிள்ளைகள் வராமல் நின்றுவிட்டார்கள். என்னைப் பார்க்கவந்த தலைவரிடம் இதைச் சொன்னபோது, அவர்களும் பகிஷ்கரிக்கப் பழகிவிட்டார்கள் என்று மகிழ்ந்தார்.

இப்போது கண்ணாடிச் சட்டங்கள் இரண்டு. 1931உம் 2014உம் தலைவரின் வரவேற்பறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டிலும் நான்கு வெற்று வரிகள். பார்க்க வருகிறவர்களுக்கு அவர் பெருமையோடு சொல்வதை நானும் இங்கே உறுதிப்படுத்துகிறேன்: எங்களை எவராலும் தோற்கடிக்க முடிந்ததில்லை. அந்த வேலையை நாங்கள் ஒருநாளும் பிறத்தியாரிடம் விட்டதில்லை.