கம்ப்யூட்டருக்குச் சந்தனம் அப்பிய காடு

ஒரு காட்டில் ஒரு சிங்கமும் ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்து ஆட்சி செய்துவந்தன. சிங்கத்துக்குப் பசித்தால் உறுமும். கம்ப்யூட்டர் ஒரு பெயரைப் பிரிண்ட் போட்டுத் தரும். அந்தப் பெயருக்கு உரிய விலங்கு, சீல் வைத்த தாளோடு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குகைக்குப் போய்ச் சேரவேண்டும். போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அதனால் ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"முன்னெல்லாம் சிங்கம் கண்டவனை அடிக்கும். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். சிபாரிசு கிபாரிசு ஒண்ணும் நடக்காது" என்று மேனேஜர் நரி பெருமையடித்துக்கொள்ளும். நரியின் பெயர் மட்டும் பத்து வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. அதைப் பற்றி விசாரிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்தால் சமர்த்தாகத்தான் ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் போனதும் திரை முழுக்க நீலமாகி, மூலையில் ஒரு சோக முகம் வரும். 'உங்கள் கணினியில் ஒரு சிக்கல். தகவல் திரட்டுகிறோம்' என்று கீழே எழுதியிருக்கும். இருபது சதவீதம் திரட்டிவிட்டுத் தானே அணைந்து, தானே எழுந்துகொள்ளும். மறுபடி பத்து நிமிஷம், மறுபடி நீலம். பிரிண்டர் சூடேறவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு பெயரும் தாளில் விழவில்லை.

மூன்று நாள் சிங்கம் பட்டினி. நாலாம் நாள் காலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.

"இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள லிஸ்ட் வரலைன்னா பழைய முறைதான். கையில சிக்கினவன் சாப்பாடு."

காடே நடுங்கிப்போயிற்று. நரி உடனே பக்கத்து மலையிலிருந்து ஒச்சப்பனை வரவழைத்தது. ஒச்சப்பன் ஒரு தேவாங்கு. தொழில், கம்ப்யூட்டர் சர்வீஸ். பெரிய கண், ஒல்லி விரல், தோளில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் பை. வந்தவுடன் நரி அதை நிறுத்தியது.

"வெளியூர் ஆளு. பேரை சிஸ்டத்துல ஏத்திட்டுத்தான் உள்ள விடணும். ரூல்ஸ்."

நீலம் வருவதற்குள் நரி அவசரமாகப் பெயரைத் தட்டி முடித்தது. ஒச்சப்பன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டது. அதன் மேல் தோசை ஊற்றலாம். பெட்டியைச் சுற்றிலும் விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், அதன்மேல் ஒரு சாமந்தி மாலை.

"காத்து போற ஓட்டை அத்தனையும் அடைஞ்சு கிடக்கு. சூடு தாங்காமத்தான் படுத்துக்குது. இந்தச் சந்தனத்தைத் துடைச்சா சரியாயிடும்."

ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு யானை முன்னால் வந்தது.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தையா துடைக்கச் சொல்றே? நான் என் தும்பிக்கையால அப்பினதுப்பா அது!"

"சர்வீஸ்காரரே, வேற ஏதாவது கோளாறு சொல்லுங்க" என்றது நரி.

ஒவ்வொரு தடவை நீலம் வந்தபோதும் யானை இன்னொரு பூச்சு பூசியிருக்கிறது. பூசப் பூச நீலம் சீக்கிரமாக வந்தது. பக்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மேலும் பூசியிருக்கிறது.

ஒச்சப்பனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வயரை மாற்றியது, உள்ளே இருந்த தகட்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியது, நரி சொன்னபடி பெட்டியைக் கிழக்கே திருப்பிக்கூட வைத்தது. மணி பதினொன்று. நீலம்.

"ஏன்க்கா," என்றது கடைசியில் யானையிடம், "பூஜை முடிஞ்சு நாலு நாளாச்சே. காஞ்ச சந்தனம் இருக்கலாமா? பழசை எடுத்துட்டுப் புதுசு வெக்கிறதுதானே முறை?"

யானை பதறிப்போயிற்று. "ஐயோ, ஆமாம்ல! எடுத்துடு, எடுத்துடு. நான் போய்ப் புதுசு அரைச்சிட்டு வரேன்" என்று ஓடியது.

ஒச்சப்பன் பிரஷ்ஷை எடுத்து ஓட்டை ஓட்டையாகச் சுத்தம் செய்தது. பத்து நிமிஷம் போயிற்று. இருபது, முப்பதும் போயிற்று. நீலம் வரவில்லை. விலங்குகள் கைதட்டின. 'இயந்திரம் எந்தக் குறையும் இன்றி இயங்குகிறது' என்ற தாளில் நரி ஒச்சப்பனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லிஸ்ட்டுக்கான பட்டனை அழுத்தியது.

திரையில் வந்த பெயர்: ஒச்சப்பன், தேவாங்கு.

"தப்பு! நான் இந்தக் காடே இல்ல!"

"சிஸ்டத்துல இருக்கீங்களே" என்றது நரி.

"அப்படின்னா மிஷின்ல இன்னும் கோளாறு இருக்கு!"

"இப்பத்தானே எந்தக் குறையும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"ரொம்ப அருமையா சரிபண்ணீங்க சார்" என்றது முயல். மனசாரத்தான் சொன்னது. பிரிண்டர் முனகிக்கொண்டே சூடேறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து யானை ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு உள்ளே நுழைந்தது.

"குடுங்கக்கா. நானே வெக்கிறேன்."

ஒச்சப்பன் இரண்டு கையாலும் அப்பியது. ஒரு ஓட்டையையும் விடவில்லை. ஃபேனுக்குள்ளும் ஒரு உருண்டையைத் திணித்தது. "என்ன பக்தி, என்ன பக்தி!" என்று யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. தாளில் 'ஒ' என்ற எழுத்து மட்டும் விழுந்திருந்தபோது திரை நீலமாயிற்று. அந்தச் சோக முகத்தை ஒச்சப்பன் ஆசையோடு பார்த்தது.

மணி பன்னிரண்டு.

"பழைய முறை!" என்று கர்ஜித்துச் சிங்கம் பாய்ந்தது. எல்லாம் தலைதெறிக்க ஓடின. சிங்கம் பத்தடி ஓடியது. பதினோராவது அடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு தானாக நடந்துவந்து பத்து வருஷம் பழகிய உடம்பு.

முயல்தான் முதலில் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இந்தச் சிங்கத்திடமா தாளைப் பிடித்துக்கொண்டு தன் அண்ணன்மார் நாலு பேரும் நடந்துபோனார்கள் என்று நினைத்தபோது முயலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே ஒச்சப்பனைக் கிட்டே கூப்பிட்டது. குரலில் உறுமலே இல்லை.

"தம்பி, அந்த மிஷின் எப்ப சரியாகும்?"

"பார்ட்ஸ் வரணும் ராஜா."

"எப்ப வரும்?"

"சொல்லியிருக்கேன்" என்றது ஒச்சப்பன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

நீதி: எந்த மிஷினையும் முழுசாகச் சரிசெய்துவிடாதே. அடுத்து அது யார் பெயரைக் காட்டும் என்று சொல்ல முடியாது.