வண்டு சார் மலையேறிய நாள்

கள்ளக்குறிச்சித் தாலுகாவில், பயறு தின்னும் வண்டுகளுக்கு ஜாதகமே எழுதக்கூடிய ஒரே மனுஷர் எங்கள் விவசாய ஆபீஸ் வண்டு சார்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றினால், பருப்பை விரலால் நசுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விடுவார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. அன்று காலை ஒரு வியாபாரி காராமணி விதையைக் காட்ட வந்தார். பார்த்ததும் வண்டு சார் முகம் வெளுத்தது. ஒவ்வொரு மணியிலும் வெள்ளைப் புள்ளி. எல்லாம் வண்டு வைத்த முட்டை.

"இதே வெதை வேற எங்கன்னா போச்சா?"

"கல்வராயன் மலைக்கு ஆறு மூட்டை போச்சுங்க. நாளைக்கு ஏழு ஊருக்குப் பிரிக்கிறாங்களாம்."

அந்த ஊர்களில் அதுவரை அந்த வண்டு இல்லை. பிரித்துவிட்டால் வீட்டில் கட்டி வைத்த விதையும் மிஞ்சாது, கொல்லையில் காய்க்கிற மொச்சையும் மிஞ்சாது. வண்டு சார் சைக்கிளை எடுத்தார். குமாஸ்தாவான என்னைக் காரியரில் ஏற்றிக்கொண்டார்.

வடக்கனந்தல் தாண்டியதும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் அரிவாளோடு ஒரு கும்பல்.

"யார்ரா நீங்க? போலீசுக்கு சேதி கொண்டுகினு போறீங்களா? பையில இன்னா?"

வண்டு சார் பைக்குள் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். எதையோ கொளுத்தப் போகிறார் என்று ஒருத்தன் அரிவாளை ஓங்கிவிட்டான். சார் நிதானமாகப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, காலையில் அந்த விதையிலிருந்து பிடித்த இரண்டு வண்டு.

"உன் கொல்லையில இன்னா வெச்சிகினு கீற?"

"உளுந்து."

"அப்போ நல்லா பாத்துக்க. இது வந்துச்சின்னா காய் மேலயே முட்டை வைக்கும். மூட்டையில பாதி மாவாயிடும்."

அரிவாள் இறங்கியது. போராட்டக்காரர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு ஏறினோம். சாயங்காலம் விதை இறங்கிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் ஆறு மூட்டையும் அடுக்கியிருந்தது. "கொளுத்தணும்" என்று சார் சொன்னதுதான் தாமதம், பெரியவரின் மனைவி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"வெதைக்க வந்தத கொளுத்துவியா? மொதல்ல என்னைக் கொளுத்து!"

ஊரே திரண்டு எங்களைச் சுற்றி நின்றது. வண்டு சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, கையை மட்டும் உள்ள வுட்டுப் பாருங்க."

முழங்கை வரை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ, சுடுதே!"

உள்ளே புழு மொய்த்துத் தின்றால் மூட்டை காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுடும். அந்த அம்மாவே இறங்கி வந்து நெருப்பு வைத்தார். புகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அப்போ நாங்க இன்னாத்த வெதைக்கிறது?"

"உங்க வூட்டு மொச்சை கீதே. எங்க ஆபீஸ் வெதைய விட அது ஒசத்தி."

அதைத்தான் விதைத்தார்கள். காய்த்தது. வண்டு வரவில்லை.

சார் பெயருக்கு மெமோ வந்தது, சொல்லாமல் ஆபீஸை விட்டுப் போனதற்கு. அதற்குப் பதில் என்று வண்டைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடும் வயிற்றுப்போக்கு என்று நானே எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். என் சர்வீஸில் செய்த ஒரே பித்தலாட்டம் அதுதான். அதற்காக இன்றுவரை ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.