ராக்கப்பன் கொலைகாரன் அல்ல

வண்டிப்பெரியார்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகன் கோகுல்நாத்துக்கு மாமா மாரீஸ்வரன் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், மழையும் இருக்கிறது. நீ செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவை, செத்து முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கொலைகாரன் ஆக்கிவிட்டாய்.

"பழைய காலத்து வீடு மாமா, சும்மா சுவத்துல தொங்கும், யாரு பாக்கப் போறா?" என்று சொல்லித்தானே, நீ வேலை பார்க்கிற துப்பறியும் படத்துக்கு அப்பா போட்டோவைக் கழற்றிக்கொண்டு போனாய்? எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். நேற்று டீக்கடை ஜோபி போனில் டிரெய்லரைக் காட்டினான். தொப்பிக்காரத் துப்பறிவாளர் நம்ம ஊர் மழையில் பைப் பிடிக்கிறார், அணையவில்லை; தேயிலைக்குள் விழுந்து ஓடுகிறார், ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லை; போகட்டும் என்று விட்டேன். கடைசியில் அப்பா போட்டோவைப் பலகையில் வைத்து, நெற்றியில் குண்டூசி குத்தி, "நாலு கொலையும் இவன்தான்" என்கிறார். ஜோபி கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சேட்டா, இது உங்க அப்பச்சனல்லே?" என்றான். என்னோடு ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த முனீஸ்வரன் சும்மா இருப்பானா? "ராக்கப்பன் மாமாவுக்குக் கோட்டு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு அப்பமே சந்தேகம்ல" என்றான். கோட்டு கம்பம் ஸ்டூடியோக்காரனுடையது, போட்டோவுக்கு வருகிற எல்லாருக்கும் அதையே மாட்டிவிடுவான், உங்கப்பன் போட்டோவிலும் அதே கோட்டுதானடா என்றேன். "எங்கப்பா கொல பண்ணலியே" என்கிறான். வீட்டுக்கு வந்தால் உன் அத்தை ராமலட்சுமி, "கோழி அறுத்தாலே கொல்லப்பக்கம் போயி நிப்பாகளே, அந்த மனுசனயா?" என்று அழுகிறாள். எழுபத்தொரு வயதில் ஒவ்வொருவனாக நிறுத்தி என் அப்பா யாரையும் கொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சலித்துவிட்டது. விடப்போவதில்லை.

டைரக்டர் அந்த இடத்தை வெட்ட வேண்டும். தொப்பிக்காரர் வேறு கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும். அது அவர் தொழில்தானே. உன் அம்மா அழகுத்தாய், பெற்ற அப்பன் என்றும் பாராமல் அந்த டிரெய்லரை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள், எடுக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குள் போட்டோவை நீயே கொண்டுவந்து மாட்ட வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் தனி, ஆசீர்வாதம் தனி. இரண்டும் உனக்கு உண்டு.

மாமா,
மாரீஸ்வரன்.

பி.கு.: இன்று புதன். கவரை ஒட்ட நேரமில்லை, டிரெய்லரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. கம்பம்மெட்டிலிருந்துகூட ஜீப் பிடித்து வந்தார்கள். "தாத்தா பேரென்ன, என்ன வேலை பாத்தாக?" என்று கேட்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் எஸ்டேட்டில் அவருக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். அவர் பேரை இத்தனை பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்று காலை இரண்டாவது டிரெய்லர் வந்தது. அப்பாவைக் காணோம். அவர் இடத்தில் எவனோ ஒரு மீசைக்காரன் இருக்கிறான். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? நீ நாளைக்கே போய்ப் பேச வேண்டும். டைரக்டர் அப்பாவைத் திரும்ப வைக்க வேண்டும். அடியில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்: ராக்கப்பன், பாய்லர் வேலை, வண்டிப்பெரியார்.